தங்கையின் கைக்குப் போன சூடு

வெங்காய விலை ஏறிய வாரத்தில், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வடை சுடும் கேத்தரினின் இடது கையைவிட்டு உணர்வு கிளம்பி, பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த தங்கை வனேசாவிடம் போய்ச் சேர்ந்தது. கேத்தரினுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின, அவ்வளவுதான். தோலில் ஒரு தேமல்கூட இல்லை. பார்த்தவர்கள் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள், வயது என்றார்கள். அவளும் தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். வனேசாவுக்கோ, அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கையில் விரலில் உளுந்து மாவின் ஈரம் பட்டது, எண்ணெய் தெறித்தது. யாருடைய எண்ணெய் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. தான் சிவநேசன் என்ற இந்துவைக் கட்டிக்கொண்டதற்காகக் கல்யாணத்துக்கே வராத அக்காவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரண்டு வருடம் பொறுத்தாள். ஒரு சனிக்கிழமை உள்ளங்கையின் ஓரம் தீயாய் எரியவும், ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்தாள். அங்கே கேத்தரின், கொப்பளித்த கையோடு, ஒன்றும் தெரியாமல் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உன் கையப் பாரு லா! அந்தச் சூடெல்லாம் நான்தான் வாங்கிக்கிட்டிருக்கேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ என் கல்யாணத்துக்கு வந்திருந்தா சொல்லியிருப்பேன்.”

கேத்தரின் அடுப்பை அணைத்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் உஷாராணி கேத்தரினின் இடது முழங்கைக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தார். நரம்பு கயிறாய்த் தடித்திருந்தது. “தொழுநோய் ஆன்டி. சில பேருக்குத் தோல்ல ஒண்ணுமே தெரியாது, நரம்புல மட்டும் வரும். மருந்துல குணமாயிடும். ஆனா போன உணர்வு திரும்புறது கஷ்டம்.”

“எங்கயும் போகல டாக்டர், இவகிட்டதான் இருக்கு” என்றாள் கேத்தரின். டாக்டர் ஊசி முனையால் அவள் சுண்டுவிரலைத் தொட்டார். பக்கத்தில் வனேசா கையை உதறினாள். டாக்டர் அதையும் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதினார்.

மருந்து தொடங்கினால் நோய் பரவாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சிவநேசன் முதல்முறையாக மனைவியின் அக்கா கடைக்கு வந்து, அவள் கையாலேயே வடை வாங்கித் தின்றார். சட்னியில் உப்பு குறைவு என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசினாள்.

நோய் குணமாயிற்று. விரல்கள் சற்று வளைந்தே நின்றன. தடித்த கையுறை இல்லாமல் கேத்தரின் அடுப்பை நெருங்குவதில்லை. நெருங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போன் வந்துவிடும். போன மாதம் கேத்தரினின் மகன் மார்வினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கேத்தரின் இடது கையை நீட்ட, குழந்தை சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்த வனேசா நிமிர்ந்தாள்.

“பிள்ளை பொறந்திருச்சுங்க. நல்ல பிடி.”

“யாரு ஜாடை?” என்று கேட்டார் சிவநேசன்.

“அதெல்லாம் விரல்ல தெரியாது லா” என்று சொல்லிவிட்டு, அந்தப் பிடி விடும்வரை இடது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.