ஒரே பைப்பில் ஆறு லைன்

என் தங்கை வீட்டு ஹாலில் ஒரு சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகுவலி பறந்துவிடுகிறது என்று மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், மூன்று மாதமாகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். என் காதுக்கு வரவில்லை. எலெக்ட்ரீஷியனை உறவுக்காரர்கள் நினைப்பது ஃபேன் நின்றால் மட்டும்தான்.

அன்றைக்கும் ஃபேனுக்காகத்தான் போனேன். மாப்பிள்ளை சுவரோடு நாற்காலியை ஒட்டிப் போட்டு லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுவரின் மகிமை எனக்கும் தெரியட்டும் என்று சற்று நகர்ந்து இடம் விட்டார். கையை வைத்தேன். வந்த ஃபேன் வேலையை மறந்துவிட்டேன்.

உள்ளே இருப்பது என் கைவேலை. நாலு வருஷத்துக்கு முன், சுவரை அங்கங்கே வெட்டினால் வீடு அலங்கோலமாகிவிடும் என்று மாப்பிள்ளை அடம்பிடித்தார். எனக்கும் பாதி வேலை மிச்சம். இரண்டு ஏசி, இரண்டு ஹீட்டர், கரண்ட் அடுப்பு, வாஷிங் மெஷின் என்று ஆறு லைனையும் ஒரே பைப்பில் திணித்தேன். தனியாகப் போகிற வயர் தன் சூட்டை வெளியே விட்டுவிடும். ஆறும் நெருக்கியடித்துக்கொண்டு போனால் ஒன்றை ஒன்று வேகவைக்கும். முப்பது ஆம்பியர் தாங்குகிற வயரை அங்கே பதினேழுக்கு மேல் நம்பக் கூடாது. தெரிந்தேதான் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எவன் போடப்போகிறான் என்று ஒரு நினைப்பு. மாப்பிள்ளையின் தம்பி குடும்பத்தோடு மாடிக்கு வந்ததிலிருந்து எல்லாரும் போடுகிறார்கள். கரண்ட் அளவு மீறினால் தானாக அணைய வேண்டிய பிரேக்கரும் விழாது. அதை இருபத்தைந்து ஆம்பியரில் வைத்த மேதாவியும் நான்தான்.

மெயினை அணைத்துவிட்டு, சுவரை உடைக்க வேண்டும் என்றேன். தன் முதுகு நன்றாக இருப்பதில் எனக்கென்ன பொறாமை என்று மாப்பிள்ளை கேட்டார். கடைக்காரன் மட்டமான வயரைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாடியில் பிள்ளைகள் குதிக்கிற சத்தம் கேட்டது.

"தப்பு என்னோடது, மாப்ள. உள்ள வயரெல்லாம் வெந்துக்கிட்டு இருக்கு. இப்படியே விட்டா வீடே பத்திக்கும்."

அவர் நாற்காலியை ஹாலின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

உளி வைத்து ஓரடிக்குத் திறந்தேன். பைப்பை அறுத்துப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் ஒன்றையும் காணோம். எல்லாம் பழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். மூன்று மாதமாக அதில் சாய்ந்திருந்த முதுகைத் தடவிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

தங்கை சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சுவர்ல ஒரே ஒரு கோடுதான், எங்கண்ணன் வேலைன்னு காட்டிக் காட்டி, உனக்கு எத்தனை வீட்டு வேலை பிடிச்சுக் குடுத்தேன், அண்ணே?"

பதினொன்று. பதினொன்றிலும் இதே மாதிரி ஒரே பைப்தான். முதலாவது என் மாமனார் வீடு. என் பெண்டாட்டியும் பிள்ளைகளும் லீவுக்கு அங்கேதான் போயிருந்தார்கள். போனை அவளே எடுத்தாள். மெயினை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு வந்து, எதற்கு என்று கேட்டாள்.

"அங்க நான் செஞ்ச வேலை சரியில்ல."

இதை இன்னும் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது.