ரிலீவர் வரும் வரை

"இந்த ரூம எதுக்குடி பூட்டி வச்சிருக்கிற? வேட்டி, ஜிப்பா எல்லாம் உள்ளதான கெடக்குது?" என்று லூர்துமேரி அத்தை கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேட்டியையும் ஜிப்பாவையும் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றாள் லிடியா.

"எடுத்தாந்துட்டேன் அத்த."

"அப்ப தொறந்து வுடு. குறிஞ்சிப்பாடிலேருந்து வந்தவங்க எல்லாம் நின்னுகினே இருக்குறாங்க. நாலு பேரு உக்காரட்டும்."

"உள்ள பூச்சி மருந்து அடிச்சிருக்கு அத்த."

அத்தை திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாவு வூட்டுல எவடி பூச்சி மருந்து அடிப்பா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் மூக்கைச் சிந்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவளுக்கு அண்ணன் போன துக்கம். இல்லாவிட்டால் இவ்வளவு மட்டமான பொய்யை அப்படி லேசில் விட்டிருக்க மாட்டாள்.

சாவி லிடியாவின் முந்தானை முடிச்சில் இருந்தது. நேற்று காலையிலிருந்து அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா இருந்தார். பாக்கியசாமி, வயது அறுபத்தேழு, சுரங்கத்தில் கன்வேயர் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்தபின் மூன்று வருடமாக மகள் வீட்டில், மருமகன் அலெக்சாண்டரின் குவார்ட்டர்ஸில், இந்தப் பின்னறையில்தான் இருந்தார். மகன் சைமன்ராஜ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். காலையில் சென்னையில் இறங்கி டாக்சியில் வந்துகொண்டிருக்கிறான். அவன் வந்ததும் நாலு மணிக்கு எடுப்பது என்று ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது.

அதாவது, அவன் வருவதற்குள் அந்த அறையை அவள் சரிசெய்தாக வேண்டும். செய்ய வேண்டியது ஒன்றும் பெரிதல்ல. மேஜைமேல் இருக்கும் டிஜிட்டல் கேமராவின் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் நோட்டை ஒளிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதற்காக நேற்றிலிருந்து ஆறு முறை உள்ளே போய்விட்டு, ஆறு முறையும் சும்மா வெளியே வந்திருந்தாள்.

கேமரா போன கிறிஸ்துமஸுக்கு சைமன் வாங்கி வந்தது. அதற்குப் பெரிய மெமரி கார்டு ஒன்றைப் போன வாரம் வடலூர்க்கார நண்பனிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். கேமரா அதை ஏற்கவில்லை. ஃபர்ம்வேரை மாற்ற வேண்டும், கேமராவுக்குள்ளேயே இருக்கிற புரோகிராம் அது, புதுசு போட்டால் பெரிய கார்டையும் எடுத்துக்கொள்ளும் என்று போனில் சொன்னான். அந்தப் புதுசையும் ஒரு சின்னக் கார்டில் ஏற்றி அனுப்பியிருந்தான், கூடவே இரண்டு பக்கமும் எழுதிய ஒரு காகிதம். வியாழக்கிழமை ராத்திரி போனில் அப்பா அதை வரி வரியாகப் படித்துக்காட்டி சந்தேகம் கேட்டார். "நாளைக்கிக் காலைல பண்ணிடுங்கப்பா. முடியிற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. நடுவுல ஆஃப் ஆனா கேமரா செத்துப்போயிடும்," என்று சைமன் சொன்னது ஸ்பீக்கரில் லிடியாவுக்கும் கேட்டது.

பக்கத்திலேயே இரு என்று அப்பாவிடம் சொல்லவே தேவையில்லை. இருபத்தொன்பது வருடம் அதுதான் அவர் பிழைப்பு. கரி போகிற பெல்ட் ஓடும்போது பேனலுக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து தோளைத் தொட்டு, "நான் வந்துட்டேன், நீங்க கெளம்புங்க" என்று சொல்லி, லாக் புத்தகத்தில் நேரம் போட்டால்தான் எழுந்திருக்கலாம். சைமன் பிறந்த அன்று ரிலீவர் வரவில்லை. பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதை அம்மா சாகும்வரை சொல்லிக்காட்டினாள். ஓய்வு பெற்றபின்னும் நூலில் பேனா கட்டிய ஒரு நோட்டு வைத்திருந்தார். சிலிண்டர் மாற்றியது, மோட்டார் போட்டது, தண்ணீர் நிரம்பியது எல்லாம் நேரத்தோடு அதில் ஏறும். தப்பாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு அடிப்பார். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குக் காபியோடு அவள் உள்ளே போனபோது அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார். தலை பக்கவாட்டில் சுவரில் சாய்ந்திருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் மாணிக்கம்மாள்தான் ஓடி வந்து அவரைக் கட்டிலுக்குத் தூக்க உதவினாள். டாக்டர் வந்து ஹார்ட் அட்டாக் என்றார்.

மஸ்கட்டுக்கு போன் போட்டபோது சைமன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அப்பா அந்த அப்டேட்ட போட்டாரா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாரு," என்றாள் லிடியா. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. வந்தபின் அதற்குக் காவல் இருக்க வேண்டியதாயிற்று. மாணிக்கம்மாளிடம் மட்டும், "நாற்காலின்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா," என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். மாணிக்கம்மாளும் தலையாட்டினாள். ஆனால் அவள் வாய் எப்படிப்பட்ட வாய் என்று அந்த பிளாக் முழுக்கத் தெரியும்.

ஒரு மணிக்கு ஐஸ் பெட்டியின் பிளக்கில் பொறி பறந்தது. அலெக்சாண்டரோடு வேலை பார்க்கும் பெரியண்ணன் என்பவர் டெஸ்டரோடு எழுந்தார். "ரெண்டே நிமிஷம். மெயின ஆஃப் பண்ணிட்டு பிளக்க மாத்திடுறேன்."

"மெயின ஆஃப் பண்ணாதீங்க!"

லிடியா போட்ட சத்தத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அலெக்சாண்டர் எழுந்து வந்து, "என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. ஐஸ் பெட்டி… அப்பாவுக்கு…"

"ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆகிடாது தங்கச்சி," என்று பெரியண்ணன் ஆறுதலாகச் சொல்லிவிட்டு மெயினை இறக்கினார். ஃபேன்கள் நின்றன. லிடியா பின்னறைக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். கேமரா அணையவில்லை. பேட்டரியும் முழுதாக ஏறியிருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்னத் திரையில் அதே ஆங்கில வரி, அணைக்காதே என்று. அதன்கீழ் பாதிவரை நிரம்பி நின்றுபோன நீலப் பட்டை.

இப்போதாவது பிடுங்கிவிடலாம். பிளக்கில் கை வைத்தாள். அப்பாவை எழுப்பி வெளியே தள்ளுவதுபோல் இருந்தது. கையை எடுத்துவிட்டாள். நோட்டு திறந்தபடியே கிடந்தது. மனப்பாடம் ஆகிவிட்டிருந்தும் மறுபடி படித்தாள்.

6.50 – அடாப்டர் போட்டாச்சு. பேட்டரி ஃபுல்.
6.55 – அப்டேட் ஆரம்பம்.
7.00 – பார் பாதி.
7.15 – பார் அதே இடம். 15 நிமிடம் ஆச்சு. பிளக்கைப் பிடுங்கச் சொல்லி சைமன் எழுதியிருக்கான். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். ஆசையா வாங்கித் தந்தது, கெட்டுப்போனா பையன் வருத்தப்படுவான்.
7.20 – அதே இடம். நெஞ்சு பிடிக்குது. வாயு.
7.30 – அதே இடம். இடது கை வலி.
7.35 – லிடியாவைக் கூப்பிட்டேன். மிக்ஸி ஓடுது.
7.40 –

ஏழு நாற்பதுக்கு எதிரில் ஒன்றும் இல்லை.

தம்பி இதைத் தாங்க மாட்டான், அதனால்தான் மறைக்கிறேன் என்று நேற்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி உண்மை. மீதிப் பாதி ஏழு முப்பத்தைந்தில் இருந்தது. அடுப்படிக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஏதோ குரல் கேட்டதுபோல் இருந்தது என்பதுகூட இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது. 'இருங்கப்பா, வரேன்' என்று முனகிக்கொண்டே மிக்ஸியை இன்னொரு சுற்று விட்டாள். பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அலெக்சாண்டரின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. சைமன் விக்கிரவாண்டி தாண்டிவிட்டான். பண்ருட்டி வந்துவிட்டான். நோட்டை எடுத்துக் கட்டில் மெத்தைக்கடியில் சொருகினாள். பிறகு அங்கே யாராவது உட்காருவார்கள் என்று எடுத்து, திரும்ப மேஜையிலேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

மூன்று மணிக்கு டாக்சி வந்து நின்றது. சைமன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டான். லூர்துமேரி அத்தை அவனைக் கட்டிக்கொண்டு, "ஒன்ன பாக்காமலே பூட்டாரேடா எங்கண்ணன்," என்று கதறினாள். எல்லாரும் அழுது ஓய்ந்தபின் அவன் எழுந்து அடுப்படிக்கு வந்தான். லிடியா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள்.

"நல்லவேள அக்கா," என்றான். முகம் வீங்கியிருந்தது. "ஃப்ளைட்டு பூரா அதே நெனப்பு. நான் சொன்னேன்னு காலைல அதப் போட்டுகினு உக்காந்திருந்தாரோ, ஒடம்பு முடியாதப்பவும் எழுந்திரிக்காம இருந்தாரோன்னு. தூக்கத்துலன்னு நீ சொன்னதுதான் என்னக் கொண்டாந்து சேத்துச்சு."

"ம்."

அவன் தண்ணீரைக் குடித்தான். சொம்பைக் கீழே வைத்தான். "ஆனா ஒரு வார்த்த கூட இல்ல பாரு. அம்மாவாச்சும் சைமன் சாப்ட்டானான்னு கேட்டுட்டுப் போச்சு. இவரு என்னைப் பத்தி கடைசியா என்ன நெனச்சாருன்னுகூடத் தெரியல. அப்படியே வாயத் தொறக்காமப் போயிட்டாரு."

லிடியா அவனைப் பார்த்தாள். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தானை முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"வா," என்றாள்.

அறைக்குள் அவன் முதலில் கேமராவைத்தான் பார்த்தான். பிறகு அவளை. அவள் நோட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

அவன் நின்றபடியே படித்தான். ஒரு இடத்தில் நின்று, திரும்ப மேலே போய்ப் படித்தான். "அந்தப் பேப்பர் பின்னாடி எழுதியிருந்தேனே அக்கா," என்றான். "பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நகரலன்னா புடுங்கிடுங்க, நான் வந்து பாத்துக்குறேன்னு. பெருசா எழுதியிருந்தேனே." அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நோட்டு மடியில் இருந்தது. மீதி வரிகளையும் படித்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏழு முப்பத்தைந்தையும்.

அவள் காத்திருந்தாள். அவன் கத்துவான், அல்லது எழுந்து போய்விடுவான். இரண்டில் எது நடந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"மிக்ஸில என்ன அரச்ச?" என்றான் சைமன், தலையைத் தூக்காமல்.

"கொத்தமல்லி சட்னி."

"அவருக்குப் புடிக்கும்."

"அவருக்காகத்தான்டா அரச்சேன்," என்றபோது லிடியாவுக்கு அழுகை பீறிட்டு வந்தது. நேற்றிலிருந்து வந்தவர்கள் முன்னால் அழுததெல்லாம் வேறு. சைமன் எட்டி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். இரண்டு பேரும் அந்த நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நகரவில்லை.

கூடத்திலிருந்து அலெக்சாண்டரின் குரல் கேட்டது. "லிடியா, ஃபாதர் வந்துட்டாரு. ரெண்டு பேரும் வாங்க."

சைமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அது இன்னும் மஸ்கட் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விரலை மடக்கி ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டான். நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்து, ஏழு நாற்பதுக்கு அடுத்த வரியில் எழுதினான்.

3.40 – பார் அதே இடம். நான் வந்துட்டேன்பா. நீங்க கெளம்புங்க.

கையெழுத்துப் போட்டான். பேனாவை அவளிடம் நீட்டினான். அவளும் அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

பிறகு அவன் கேமராவின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை கறுத்தது. கேமரா பிழைத்ததா என்று அவன் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்றரை நாளாக ஓடிக்கொண்டிருந்த அடாப்டர் அவன் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்காமல், பிடித்தபடியே கூடத்துக்கு நடந்தான்.