சொறிக்காய்

மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மட்டாஞ்சேரி பஜாரில் இருக்கும் அந்தக் குடோனுக்கு உருப்படியான ஜன்னல் ஒன்றுதான். அதன் வெளிச்சம் விழும் இடத்துக்குத் தினமும் காலையில் தள்ளுமுள்ளு நடக்கும். பாண்டிச்செல்வி இன்று சீக்கிரமே வந்து அதைப் பிடித்துவிட்டாள். தட்டில் காயைப் பரப்பி ஒரு கையால் உருட்ட வேண்டும். தோலில் பழுப்பாகச் சொறி விழுந்திருந்தால் மறுகையால் எடுத்துக் காலடிக் கூடையில் போட வேண்டும். வழவழவென்று பச்சையாக இருப்பதுதான் முதல் தரம். சொறிக்காய்க்கும் உள்ளே விதை அதேதான், வாசமும் அதேதான். வாங்குகிறவன் கண்ணுக்குத்தான் ஆகாது.

"என்னடி, வாசலையே பாத்துக்கிட்டிருக்க? யாரு வர்றா?" என்றாள் பக்கத்தில் இருந்த ராக்கம்மாள்.

"என் தம்பிக்கா. அவன் காயி இன்னிக்கு இங்க எறங்குது."

"யாரு, மருந்தடிச்சு விழுந்து கெடந்தானே, அவனா?"

"அவந்தான்."

தம்பி மாரிச்செல்வம் இடுக்கி மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தவன் செடிக்கடியிலேயே சுருண்டு விழுந்தான். வாயெல்லாம் நுரை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பெண்டாட்டி அமுதவள்ளியைப் பார்த்து நீ யாரும்மா என்று கேட்டான். எப்படியோ பிழைத்துக்கொண்டான். இன்னொரு தடவை இந்த விஷம் உடம்பில் ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். மாதம் தவறாமல் மருந்தடிக்காதவன் அந்த மலையில் எவன் இருக்கிறான்?

விவசாய ஆபீஸ்காரர்கள் நடத்திய கூட்டத்துக்கு அமுதவள்ளிதான் அவனை இழுத்துக்கொண்டு போனாள். காய்ந்த தட்டைகளை உரித்துப் போட்டால் பூச்சி ஒளிய இடமிருக்காது என்றார்கள். மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டச் சொன்னார்கள். வேர்ப்புழுவைக் கொல்லும் நுண்புழுவை மண்ணில் விடச் சொன்னார்கள். செடி செடியாகப் பார்த்து, பூச்சி அளவு மீறினால் மட்டும் மருந்தைத் தொடு என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் குனிந்த முதுகு நிமிராமல் அதைச் செய்தார்கள். "செடிக்குப் பேன் பாக்குறான்டா" என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். விளைச்சல் குறையவில்லை. மருந்துக் கேனை அவன் எடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை.

அவனுக்குத் தெம்பு சொன்னது பாண்டிச்செல்விதான். அப்போதுதான் குடோனிலிருந்து வெளிநாடு போன சரக்கு ஒன்று, மருந்து கூடுதல் என்று அப்படியே திரும்பி வந்திருந்தது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். உடனே தம்பிக்குப் போன் போட்டாள். "மருந்தடிக்காத காயிக்கு இங்க பறக்குறானுகடா. நீ தைரியமாச் செய்யி. காய எங்க குடோனுக்குக் கொண்டா, முதத் தரத்துல போகலன்னா என்னைய ஏன்னு கேளு."

உச்சிவெயிலில் வண்டி வந்தது. மாரிச்செல்வம் புதுச்சட்டை போட்டிருந்தான். சூப்பர்வைசர் ஷிபு ஒரு மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளி மோந்து பார்த்தான்.

"கொள்ளாம் கேட்டோ, நல்ல காயி. நீ முன்னாடி கொடுத்து விட்ட சாம்பிள் லேப்ல பாத்தாச்சு. மருந்து ஒண்ணும் இல்லா."

"அப்ப முதத் தரம்தான சேட்டா?" என்றான் மாரிச்செல்வம்.

"அது மேசையில பொறுக்கினா அல்லே தெரியும்."

அந்தக் காயை நானே பொறுக்குகிறேன் என்று பாண்டிச்செல்வி கேட்டு வாங்கிக்கொண்டாள். ராக்கம்மாளும் சேர்ந்துகொண்டாள். தட்டில் கொட்டிப் பரப்பிய பாண்டிச்செல்வி ஒரு காயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மருந்து படாத காயில் இலைப்பேன் தன் வேலையைக் காட்டியிருந்தது. பெரிய சொறி இல்லை, லேசான கீறல்தான். ஆனால் எந்தப் பக்கம் உருட்டினாலும் கீறல் தெரிந்தது. அடப்பாவி, இதை முன்னாலேயே யோசிக்காமல் போனேனே என்று மனசு அடித்துக்கொண்டது. தினமும் இதையே பொறுக்கித் தள்ளுகிறவள், தம்பியிடம் தோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் லேசான கீறலையெல்லாம் கண்டும் காணாமல் நல்ல காயோடு தள்ளினாள்.

"ஏன்டி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று ராக்கம்மாள் கிசுகிசுத்தாள்.

"சும்மா இருக்கா."

ராக்கம்மாள் எதிரே சாக்கில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் அப்படியே தள்ள ஆரம்பித்தாள்.

ஷிபு வந்தான். பொறுக்கிய குவியலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஜன்னல் பக்கம் திரும்பி விரலால் கிளறினான்.

"செல்வி சேச்சி, இது எந்தா?"

"லேசாத்தான சேட்டா இருக்கு. லேப்புல நல்லாருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

"லேப் வேற, மேசை வேற. வாங்கற ஆளு பெட்டியத் தொறந்தா தோலத்தான் பாக்கும். எனக்கும் மேல ஆளு உண்டு. இனி ஒரு சொறி கண்டா, நாளைக்கு இந்த இடத்துல வேற ஆளு இருக்கும்."

பாண்டிச்செல்வியின் புருஷன் சுடலைமணி, மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டோடு கிடக்கிறான். இந்த மேசையை விட்டால் அடுப்பெரிய வேறு வழியில்லை. அவள் குவியலை மறுபடி தட்டில் கொட்டினாள். இப்போது கை தானாக வேலை செய்தது. கீறல் பட்டதெல்லாம் கூடைக்குப் போனது. ஒரு கூடை நிறைந்து, ராக்கம்மாள் இன்னொரு கூடையை இழுத்து வைத்தாள்.

மாரிச்செல்வம் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான். கூடையில் விழுந்த ஒரு காயைப் பார்த்துவிட்டு, "அதுவுமாக்கா?" என்றான்.

அவள் நிமிராமல் அடுத்த காயையும் கூடையில் போட்டாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவாள்.

முக்கால்வாசிக் காய் இரண்டாம் தரத்துக்குப் போயிற்று. வெளியே சாயாக்கடையில் இருவரும் நின்றார்கள். அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"உன்னைய நாந்தான்டா கெடுத்துட்டேன்."

"நீ என்னக்கா பண்ணுவ? இந்த வெலைக்குப் போனா குத்தகை கட்டுப்படியாகாது. போயி மருந்தடிச்சாத்தான் தோலு பளபளன்னு வரும்."

"டேய், டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"டாக்டரா வந்து குத்தகைப் பணம் கட்டப்போறாரு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆலுவா பஸ் வந்ததும், சாயாவை அப்படியே வைத்துவிட்டு ஏறிப் போனான்.

அடுத்த வாரம் குடோனில் ஏற்றுமதிச் சரக்கு கட்டும் வேலை நடந்தது. பெரிய எஸ்டேட்டிலிருந்து வந்த காய், சொறி என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை. பொறுக்கி முடித்ததும் மருந்துக் காரத்தில் விரலிடுக்கெல்லாம் அரித்தது. ஷிபு அவளைப் பின்கட்டில் மாவு மெஷின் இருக்கும் அறைக்குக் கூப்பிட்டான்.

"நின்டெ தம்பியோட சொறிக்காய் மூட்டை இருக்கில்லே? அதுல அள்ளி இதுல போடு சேச்சி. பொடிச்சு இந்த கவர்ல நெறச்சா மதி, அது போதும்."

"எதுக்கு சேட்டா?"

"லேப்புக்கு. முன்கட்டுல கட்டுற எஸ்டேட் சரக்குக்கு சாம்பிள்."

"அந்தக் காயி வேறதான?"

"பொடியில தோலு தெரியாதல்லோ" என்றான் ஷிபு. அவள் முகத்தைப் பார்க்காமல் கவர்களை அடுக்கினான். "சொன்னதச் செய்யறேன், அவ்வளவுதான். எனக்கும் குடும்பம் உண்டு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தள்ளிய காய் இப்போது மட்டும் இவர்களுக்கு வேண்டியிருக்கிறது! இடுப்பிலிருந்த போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். அமுதவள்ளிதான் எடுத்தாள்.

"அவரு மேட்டுத் தோட்டத்துல மருந்தடிக்கிறாரு மதினி. காலையிலருந்தே அங்கதான் நிக்கிறாரு."

"வேணாம்னு சொல்லு அமுதா. இவனுக தள்ளினது நல்ல காயிதான்டி. மொத்தச் சரக்கும் அதக் காட்டித்தான் போகப்போகுது. நிறுத்தச் சொல்லு அவன!"

"நான் சொல்லாமயா இருக்கேன்? மோட்டார் சத்தத்துல எதுவும் காதுல விழல. இருங்க, பக்கத்துல போறேன்."

பேச்சு நின்றது. போனில் மருந்தடிக்கும் மோட்டார் இரைந்தது. அதற்குள்ளிருந்து அமுதவள்ளியின் குரல், "ஏங்க! இங்க பாருங்க! ஏங்க!" என்று மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. பதில் வரவில்லை. குரல் இன்னும் உரத்துக் கூப்பிட்டது.

"சேச்சி, வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லி ஷிபுவே மூட்டையிலிருந்து ஒரு பிடி சொறிக்காயை அள்ளிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினான். மாவு மெஷின் இரைச்சலில் பாண்டிச்செல்வி போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். அதற்கப்புறம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.