மூடி போட்ட பேனா

போலீஸ் அதிகாரி பிளாஸ்டிக் பையைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார். ஒரு கைக்குட்டை. வீட்டுச் சாவி. தடித்த அட்டை போட்ட நோட்டு. கடைசியாக ஒரு நீல நிற மைப் பேனா.

"இதெல்லாம் உங்க வீட்டுக்காரரோடதுதானாம்மா? பார்த்துச் சொல்லுங்க."

அவள் வேறு எதையும் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்தாள். பேனா மூடியிருந்தது. மூடி கழுத்துவரை இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது.

"அண்ணி, கேக்கறாங்க" என்றான் பக்கத்தில் நின்ற கொழுந்தன். பஸ் ஓட்டுகிறவன். பாதி வழியில் வண்டியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தவன்.

"அவரோடதுதான்."

காலை பத்தேகாலுக்கு, கடைத்தெருவில் இருக்கிற மூன்று மாடி கார் நிறுத்துமிடத்தின் உச்சியிலிருந்து அவள் புருஷன் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மணி ஒன்று. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறைக்கு எதிரே ஒரு மேசையைப் போட்டு அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அடுப்பை அணைத்தேனா, அணைத்தேனா என்று கொழுந்தனிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். அவன் மூன்று முறையும் பொறுமையாக, "அணைச்சாச்சு அண்ணி, நான்தான் பார்த்தேன்" என்றான்.

"இன்னொண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்றார் அதிகாரி. "நோட்டும் பேனாவும் மேல கைப்பிடிச்சுவர்ல இருந்துச்சு. ஒண்ணுமேல ஒண்ணு, ஒழுங்கா எடுத்து வெச்ச மாதிரி. அதனாலதான் கேக்கறேன். அவருக்கு மனசுல ஏதாவது கஷ்டம் இருந்துச்சா? டாக்டர் யார்கிட்டயாவது ட்ரீட்மெண்ட் எடுத்தாரா?"

"இல்ல."

கொழுந்தன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"சரிம்மா. நோட்டுல எழுத்து எதுவும் எங்க கண்ணுல படலை, படமாத்தான் இருக்கு. நீங்களும் ஒருதடவை பார்த்துடுங்க. அப்படி ஓரமா உட்காருங்க."

அவள் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நோட்டைத் திறக்கவில்லை. அவர் கையெழுத்து கடுகு கடுகாக இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் போலீஸ்காரர் கண்ணுக்கா தெரியப்போகிறது?

ஊரில் அவருக்கு மீட்டர் என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் சும்மா பந்தா காட்டும் என்று தலைகீழாகச் சொல்வார். பிறகு தானாகவே கணக்கு அனுப்பும் மீட்டர் வந்தது. இவரை வேலையைவிட்டு அனுப்பாமல், குடோனில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இடத்தில் சம்பளம், கொடுத்துவைத்தவர் என்றார்கள் எல்லோரும். கொடுத்துவைத்தவர் ஒன்பது மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தாலும் சுவர்தான். பேச்சு நின்றது, சாப்பாடு பாதியானது. ஒருநாள், "நான் இல்லாட்டி நீ சமாளிச்சுப்ப, இல்ல?" என்று கேட்டார். அன்றைக்கே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். மாத்திரையோடு, கையைச் சும்மா வைக்காதீர்கள், எதையாவது செய்துகொண்டே இருங்கள் என்றும் அந்த டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வருகிற வழியிலேயே ஒரு கடையில் அவர் மலிவான மைப் பேனா ஒன்றை வாங்கினார். முதலில் வரைந்தது ஒரு நாய்.

"நாய்க்கு எதுக்கு அஞ்சு கால்?" என்று கேட்டாள்.

"அது வாலுடி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் சிரிப்பு அதுதான். அப்புறம் விட்டாரா? தன்னைத் துரத்திய நாய்களையெல்லாம் தேடித்தேடி வரைந்தார். பழைய எதிரிங்க, சமாதானம் பண்ணிக்கிறேன் என்பார். நாய் தீர்ந்ததும் வீடு, ஆபீஸ், தியேட்டர், அங்கே படுத்திருக்கிற ஆடு, பூனை. எந்தக் கட்டிடத்தை வரைந்தாலும் ஒரு மூலையில் மீட்டர் பெட்டியையும் போட்டுவிடுவார். ஒரு வருஷத்தில் டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

இன்று காலை அவள் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். "பன்னெண்டுக்கு வந்துடறேன்" என்று அவர் செருப்பை மாட்டினார். "சரி சரி" என்றாள், தலையைத் தூக்காமலேயே. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ.

"ஏன் அண்ணி இல்லைன்னு சொன்னீங்க?" கொழுந்தன் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"சொன்னா என்ன எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"அண்ணன்தான் நல்லாயிட்டாரே."

"பேனா மூடியிருக்கு, பார்த்தியா?"

"மூடியிருந்தா என்ன?"

"கையில பேனா இருக்கிறப்ப நான் நாலு தடவை கூப்பிட்டாலும் அசைய மாட்டாரு. வரைஞ்சு முடிச்சு, மூடியப் போட்டப்புறம்தான் எழுந்திருப்பாரு. மட்டமான பேனா, கொஞ்ச நேரம் திறந்து வெச்சாலே காஞ்சுபோகும்னு அவ்வளவு கவனம். மூடியிருக்குன்னா, படம் முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். முடிச்சுட்டு, மூடிட்டு, எல்லாத்தையும் ஓரமா எடுத்து வெச்சுட்டு..."

இரண்டு வருஷமாக அவர் சிரித்ததெல்லாம் தனக்காகத்தானா, வீட்டில் ஒருத்தி பயந்து சாகிறாளே என்று சிரித்தாரா என்ற ஒரே கேள்வி அவள் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அழுகை வந்தால் தேவலை. அதுவும் வரவில்லை.

வெகுநேரமாகத் தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் மெதுவாக இவர்களிடம் வந்தார். சீருடை போட்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"நான் அந்த பார்க்கிங் வாட்ச்மேன்மா. மீட்டர் சார் லீவு நாள்னா தவறாம வருவாரு. அந்தச் சுவர்ல உட்காராதீங்க சார், முழங்கால் உசரம்கூட இல்லைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இங்க உட்கார்ந்தாதான் பூனை தெரியுதும்பாரு."

"எந்தப் பூனை?" என்றான் கொழுந்தன்.

"மேல தண்ணித் தொட்டியில ஒண்ணு படுத்துக் கிடக்கும். அதைப் பார்க்க அண்ணாந்து, அண்ணாந்து, அப்படியே பின்னால..." கிழவர் நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. போலீஸ்ல சொல்லலை. பயமா இருக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் கேட்டு ஓடினேன். அவரைப் பார்த்துட்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிட்டு, மேல வேற யாராவது இருக்காங்களான்னு ஏறிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. இந்த நோட்டு தரையில விரிஞ்சு கிடந்துச்சு. பேனா அதுமேல. மை ஊறிட்டே இருந்துச்சு. மூடி பின்னால மாட்டியிருந்துச்சு, எடுத்து மூடிட்டேன். யாராவது மிதிச்சிடப் போறாங்கன்னு ரெண்டையும் சுவர்மேல வெச்சுட்டு வந்தேன். எதையும் தொடக்கூடாதாமே, அப்புறம்தான் சொன்னாங்க."

அவள் எழுந்துவிட்டாள். "திறந்தா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"நல்லா பார்த்தீங்களா?"

கிழவர் கையை நீட்டினார். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் நீலம் அப்பியிருந்தது.

"நீங்க எதுக்கு மூடினீங்க?"

"ஒருநாள் ரிஜிஸ்டர்ல எழுத அவர் பேனாவை வாங்கி, திறந்தபடியே வெச்சுட்டேன். என்ன திட்டு திட்டினாருங்கறீங்க. காஞ்சுபோயிடும்யா, மூடுய்யான்னு. அதான்மா. கை தானா போயிடுச்சு."

அவள் நின்றபடியே நோட்டைத் திறந்தாள். கடைசிப் படத்தில் தண்ணீர்த் தொட்டி முழுதாக இருந்தது. அதன் ஏணியும் குழாயும், குழாயின் அடியில் மீட்டரும்கூட இருந்தன. தொட்டியின்மேல் பூனைக்கு முகமும் முன்னங்காலும் வந்திருந்தன. முதுகுக்கோடு பாதிவரை போய் நின்றிருந்தது. அதற்குக் கீழே, வயிறு இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மை ஊறிப்போயிருந்தது. ஓரங்களில் ஒரு எழுத்தும் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் மை இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"உட்கார வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று நோட்டைப் பார்த்துக் கேட்டாள். "இந்த மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரே. வயசானவர் பேச்சைக் கேட்டா என்ன குறைஞ்சுபோச்சு? போயும் போயும் ஒரு பூனைக்காகவா? யாராவது ஒரு பூனைக்காக இப்படிப் போவாங்களா?"

திட்டிக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது. கதறிக் கதறி அழுதாள். நடையில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றான். கிழவர்தான், "அழட்டும்ப்பா, அழட்டும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்று கிழவரைக் கூப்பிட்டாள். "பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

கிழவர் அதிகாரியிடம் திக்கித் திணறி நடந்ததைச் சொன்னார். "முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்று அதிகாரி கடிந்துகொண்டார். ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கிழவர் சொல்லி முடித்த பிறகும் அவள் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"நான் பொய் சொல்லிட்டேன் சார். ட்ரீட்மெண்ட் எடுத்தாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒன்பது மாசம் ரொம்ப மோசமா இருந்தாரு. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார்.

"அப்புறம் குணமாயிட்டாரு. அதையும் எழுதுங்க."

அவர் நிமிர்ந்தார். "அதுக்கு இந்த ஃபாரத்துல இடம் கிடையாதும்மா."

"எங்கயாவது எழுதுங்க."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில் எழுத ஆரம்பித்தார். அவள் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தபடி நின்றாள்.