மூன்று வளையம்

ரெய்னோ லாத்தினென் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வியாழக்கிழமை அவர் செய்த காரியத்தை மட்டும் கேட்டால் யாருக்கும் அவர்மேல் கோபம்தான் வரும்.

அவர் மனைவி இர்யாவுக்கு அறுபத்துமூன்று வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனிப்புயலில்கூட ஒரு பிள்ளையையும் வழியில் விடாமல் வீடு சேர்த்தவள். இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் கட்டி என்று கத்தி வைத்தார்கள். கட்டி போய்விட்டது, பயம் போகவில்லை. அதற்குப் பிறகு கழுத்தில் எது பட்டாலும் மூச்சு அடைத்தது. கம்பளித் துண்டை விட்டாள், காலர் வைத்த சட்டையை விட்டாள். கயாக் என்ற ஒல்லித் துடுப்புப் படகையும் விட வேண்டியதாயிற்று.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு அந்த ஊரில் கயாக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வருடத்தின் முதல் பயணம் கிளம்புவார்கள். அமெரிக்காவின் வடக்கு ஓரத்து சுப்பீரியர் ஏரியை மே மாதத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே வெயில் அடிக்கும், தண்ணீர் நாலு டிகிரியில் இருக்கும். சாதாரண உடுப்போடு விழுந்தால் பத்து நிமிடத்தில் கைவிரல் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் தண்ணீர் புகாத முழு உடுப்பு இல்லாதவருக்குப் படகு கிடையாது. அந்த உடுப்பு தண்ணீரை வெளியே நிறுத்துவதே கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டையால்தான். இரண்டு வருடமாக இர்யா கரையில் நின்று எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, "நானும் போறேன்" என்றாள். ரெய்னோ வாயைத் திறப்பதற்குள், "கேக்கல, சொல்றேன்" என்று முடித்துவிட்டாள்.

படகுத்துறையை ஒட்டிக் கயாக் கடை வைத்திருந்த கொலீன் டிரெவாரோ, சின்ன வயதில் இர்யாவின் பஸ்ஸில் போனவள். நாற்பதைத் தாண்டியும் இர்யாவைப் பார்த்தால் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். ஆனால் அவள் கடைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். பயணத்துக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிறு இர்யாவுக்கு ஒரு உடுப்பை மாட்டிவிட்டாள்.

"உக்காருங்க. எந்திரிங்க. கையத் தலைக்கு மேல தூக்குங்க. துடுப்பு போடற மாதிரி திரும்புங்க. இடுப்புல பிடிக்குதா?"

"பஸ்ல உன்ன உக்காரு உக்காருன்னு கத்தினதுக்குப் பழி வாங்கறியாடி?"

"முப்பது வருஷமா காத்துகிட்டிருந்தேன். இன்னொரு தடவ உக்காருங்க."

இர்யா சாம்பல் நிற உடுப்பை எடுத்தாள். கொலீன் அதைப் பிடுங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு ஆரஞ்சு நிறத்தை நீட்டினாள். "ஏரி சாம்பல், வானம் சாம்பல், நீங்களும் சாம்பல்னா உங்கள எங்கன்னு போய்த் தேடறது?"

"உள்ள இந்தப் பருத்திச் சட்ட போதாதா?" என்று ரெய்னோ தன் பங்குக்குக் கேட்டு வைத்தார்.

"ஏன், அவங்க மேல கோபமா உங்களுக்கு? பருத்தி நனைஞ்சா குளிர அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். கம்பளிதான் போடணும். நீங்க அந்த ஓரமா போய் நில்லுங்க."

கழுத்துப்பட்டையில் விளிம்பிலிருந்து வளையம் வளையமாகக் கோடு இருந்தது. கழுத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு வளையமாக வெட்ட வேண்டும். கொலீன் ஒன்றை வெட்டிப் போட்டுப் பார்க்கச் சொன்னாள், பிறகு இன்னொன்றை வெட்டினாள். அதோடு கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். இர்யா கண்ணை மூடிக்கொண்டு இருபது எண்ணுகிறவரை பொறுத்தாள். பிறகு கழற்றச் சொன்னாள்.

"இன்னும் ஒண்ணு வெட்டேன்" என்றார் ரெய்னோ.

"இறுக்கமாத்தான் இருக்கும். இறுக்கலேன்னா அது கழுத்துப்பட்ட இல்ல, புனல்" என்றாள் கொலீன். "வீட்ல பெரிய சூப் பாத்திரத்துல மாட்டி வைங்க, கொஞ்சம் நெகிழும். சனிக்கிழமை காலைல இங்க வந்து தண்ணில இறங்கிக் காட்டணும். அது சரியா இருந்தாத்தான் ஞாயித்துக்கிழமை."

அன்றைக்கு ராத்திரியே சமையலறையில் இர்யா மறுபடி போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கையாலும் பட்டையைப் பிய்த்தெடுத்துத் தலையை வெளியே இழுத்து, தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ரெய்னோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விட்டுடேன் இர்யா. கரைலேர்ந்து பாத்தா ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது."

அவள் எழுந்தாள். உடுப்பை எடுத்துப் பாத்திரத்தில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை இர்யா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்று நாலு நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு, பாத்திரத்தின்மேல் உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்ததும் அதுதான் எதிரி என்று தோன்றிவிட்டது. ஒரு வளையம் வெட்டினார். கையால் இழுத்துப் பார்த்தார். இன்னும் இறுக்கம் என்று பட்டது. இன்னொன்று வெட்டினார். ஆனது ஆகிவிட்டது, கூட ஒன்று போனால் என்ன என்று மூன்றாவதையும் வெட்டினார். பிசிறில்லாமல் அழகாக வெட்டி, பழையபடி மாட்டிவிட்டு, வெட்டிய ரப்பரை அடுப்பில் போட்டார். ஐம்பது வருடம் ஏரிக்கரையில் வாழ்ந்த மனிதர்! அன்பு தலைக்கேறினால் அறிவு எங்கேதான் போகிறதோ.

வெள்ளிக்கிழமை மாலை அவர் விறகு வெட்டிவிட்டு வந்தபோது வீடு முழுக்க ஏலக்காய் ரொட்டி வாசனை. இர்யா பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. "நாளைக்கு ரெடி" என்றாள். நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று ரெய்னோ நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை அவள் வீட்டிலேயே உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். வெளிக் காலரையும் மேலே இழுத்துப் பூட்டியிருந்ததால் உள்ளே இருந்த பட்டை தெரியவில்லை. "கழுத்து எப்படி இருக்கு?" என்று கொலீன் கேட்டதற்கு, "அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியல" என்றாள் பெருமையாக. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து கொலீன் விரல் விட்டுச் சோதிக்காமல் விட்டாள். அது அவள் தப்பு. பிறகு அதை அவளே சொன்னாள்.

கொலீனும் தன் உடுப்போடு கூட இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. இர்யா சிரித்துக்கொண்டே மல்லாந்து சாய்ந்தாள். அடுத்த நொடி அலறினாள். கழுத்து வழியாகத் தண்ணீர் கொட்டி நெஞ்சு, வயிறு, கால்வரை நிரப்பிவிட்டது. கொலீன் தள்ள, ரெய்னோ இழுக்க, தண்ணீர் மூட்டையாகக் கரை சேர்ந்தாள்.

கடை அடுப்பருகே வேறு துணி மாற்றிப் போர்வை போர்த்தி, சூடான காபியைக் கையில் கொடுத்த பிறகு, கொலீன் உடுப்பை எடுத்துப் பார்த்தாள்.

"நான் ரெண்டு வளையம் வெட்டினேன். இங்க அஞ்சு போயிருக்கு."

"நான்தான்" என்றார் ரெய்னோ.

"எப்ப?" என்று கேட்டாள் இர்யா.

"வியாழக்கிழம. நீ படற பாட்டப் பாக்க முடியல."

அவள் விரலை மடக்கினாள். "திங்கள் ரெண்டு நிமிஷம். செவ்வாய் நாலு. புதன் ஏழு. சவுனாக் குளியல் அறையில கதவ சாத்திகிட்டு, சுவத்துல கை ஊனிகிட்டு நின்னேன். நேத்து நாப்பது. நாப்பது நிமிஷம், ரெய்னோ!" மடக்கிய விரல்களை விட்டாள். "நான் தேறிட்டேன்னு நினைச்சேன்."

அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்து நிப்ப. ஆஸ்பத்திரியில வெச்சிருந்தியே ஒரு மூஞ்சி, அதே மூஞ்சிய வெச்சுகிட்டு. அதப் பாத்தா எனக்கே நான் செத்துட்ட மாதிரி இருக்கு."

புதுப் பட்டை ஒட்டினால் பசை காய முழுதாக ஒரு நாள் ஆகும், நாளைக்கு முடியாது என்று கொலீன் மெல்லச் சொன்னாள். இர்யா காபியைக் குடித்து முடித்தாள். பிறகு கொலீனின் ஈர உடுப்பைக் காட்டினாள்.

"உன்னோடது எனக்கு சேருமா?"

"உயரம் ஒண்ணுதான். நாளைக்கு நான் கடையிலதான் இருப்பேன், எடுத்துட்டுப் போங்க. ஆனா எனக்கு ஒல்லிக் கழுத்து. மூச்சு விடலாம், சுகமா இருக்காது. வேண்டாமே."

"புதன்கிழமை ஏழு நிமிஷம் நெஜமாவே நின்னேன். அத யாரும் வெட்டல. கொண்டா."

பட்டைக்குள் தலை போனதும் அவள் முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இர்யாவின் உடுப்பைப்போல முன்னால் இல்லை, அந்த உடுப்புக்கு ஜிப் முதுகில். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை குறுக்கே போகும், போட்டவளே மூடிக்கொள்ள முடியாது. கொலீன் கை நீட்டினாள்.

"நீ இல்ல. ரெய்னோ மூடட்டும்."

அவர் ஜிப்பைப் பிடித்தார். அவள் முதுகு நடுங்குவது விரலில் தெரிந்தது. கரகரவென்று பாதி தூரம் போயிற்று. கடைசி இரண்டு அங்குலத்தில் கை நின்றுவிட்டது. வேண்டாம், திறந்துவிடு என்று உள்ளே எல்லாம் கத்தியது.

"நின்னுடுச்சா?" என்றாள் அவள், திரும்பாமல்.

"இல்ல" என்று சொல்லி, முழுப் பலத்தோடு கடைசிவரை இழுத்து மூடினார்.

அவள் பொம்மைபோல விறைப்பாக நடந்து ஏரிக்குள் இறங்கினாள். கொலீன் படகுத்துறையில் கயிற்றோடு நின்றாள். இடுப்பளவு தண்ணீரில் இர்யாவின் கை கழுத்துக்குப் போயிற்று. ரெய்னோ ஒரு அடி முன்னால் வைத்து நின்றார். கை கீழே இறங்கியது. மெல்ல மல்லாந்து சாய்ந்தாள், மிதந்தாள்.

ஏரி சத்தமில்லாமல் கிடந்தது. கொலீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு!" என்று கூவினாள்.

"நான் இப்போதைக்குக் கரைக்கு வரலேன்னு சொல்லு அவர்கிட்ட!" என்று தண்ணீரிலிருந்து இர்யா கத்தினாள்.

"தெரியுது, தெரியுது" என்றார் ரெய்னோ. அழுதுகொண்டிருந்ததால் அவர் குரல் அவளை எட்டவில்லை.