வாணலிக்கு வராத பூண்டு

வேலை பார்க்கும் இடத்தில் எல்லாரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரியதில்லை, முகத்துக்கு அளவாகத்தான் இருக்கும். அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சமையல் எரிவாயு கொடுக்கும் கம்பெனியில், பதினாலு வருடமாக இணைப்புகளைச் சரிபார்க்கிறவர் அவர். மாடிப்படி ஏறும்போதே, "மூணாவது மாடியில எங்கேயோ கசியுது" என்பார். போய்ப் பார்த்தால் கசியும். கருவி கத்துவதற்கு முன்னால் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று உடன் வேலை செய்பவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள்.

அந்த மூக்கு பத்தொன்பது நாளாக வேலை செய்யவில்லை.

சாதாரணக் காய்ச்சல்தான். மூன்று நாள் படுத்தார், எழுந்தார், குளித்தார். சோப்பு மணக்கவில்லை. ஜலதோஷத்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் போயிற்று. யாரும் இல்லாத நேரம் பார்த்து வெங்காயத்தை வெட்டி மூக்கில் வைத்து இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாசனை வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் ஐந்து புட்டியைத் திறந்து முகரச் சொல்வார்கள். அதில் தவறியவரை எந்த வீட்டுச் சமையலறைக்கும் அனுப்பக் கூடாது என்பது விதி. மூக்கு போன மூக்கருக்கு அங்கே வேறு என்ன வேலை கொடுப்பார்கள்? வீட்டுக்குப் போ என்பார்கள். அந்தச் சோதனைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் சரியாகிவிடும் என்று மனக்கோட்டை கட்டினார். கசிவு காட்டும் கருவியைத் தினமும் கேட்டு வாங்கினால் சந்தேகம் வரும் என்று, அதுவரைக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு தடவை சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் எடுத்தார். மூக்கருக்கு வயதாகிறது என்று பசங்க கிண்டல் செய்தார்கள். சிரித்துக்கொண்டார்.

வீட்டிலும் நடிப்புதான். அவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்லாமல் அடுப்பு எரியாது. குனிந்து, குட்டிக் குட்டியாக மூன்று முறை மூச்சை இழுத்து, "ம், பத்த வை" என்பார். மகள் அதைப் போலவே செய்துகாட்டி ஊரையே சிரிக்கவைப்பாள். இந்தப் பத்தொன்பது நாளும் அந்த மூன்று மூச்சை அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. திருடனுக்குத்தானே இவ்வளவு ஒழுங்கு வரும்.

இன்றைக்கு மத்தியானம்தான் அந்த நடிப்பு சறுக்கியது. புதுக் கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடியில், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவரை அந்த வீட்டுப் பெண் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏங்க, வாடை வருதே. உங்களுக்கு வரலையா?"

திரும்ப உள்ளே போனார். அடுப்புக்குப் பின்னால், நுரை தடவக் கை எட்டாத மூலையில், ஒரு நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. நீளமான ஸ்பேனரை உள்ளே விட்டு முறுக்கினார். "குழாயில தங்கின பழைய வாடைம்மா, பயப்படாதீங்க" என்று வாய் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னார். வெளியே வரும்போது அடுத்த அறையில் கைக்குழந்தை ஒன்று வாயைத் திறந்தபடி தூங்குவதைப் பார்த்தார். நாளையிலிருந்து அதே கட்டடத்தில் இன்னும் முப்பத்தாறு சமையலறை பாக்கி இருந்தது.

பைக்கை எடுப்பதற்கு முன் மனைவிக்குப் போன் போட்டார்.

"ராத்திரிக்குப் பூண்டு ஃப்ரைட் ரைஸ் பண்றியா?"

"என்ன திடீர்னு? சரி, மத்தியானச் சோறு ஃப்ரிட்ஜில இருக்கு. பண்ணிடலாம்."

ஆசையில் கேட்கவில்லை. தனக்குத் தானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். பூண்டை எண்ணெயில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கூட எட்டிப் பார்ப்பான். அதற்கே அசையவில்லை என்றால் இந்த மூக்கு அசையப்போவதில்லை, சொல்லிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. அடுப்படியில் குனிந்து வழக்கமான மூன்று மூச்சை இழுத்து, "ம், பத்த வை" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனார். குளித்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே படுக்கையறை வழியாகச் சமையலறை வாசலுக்கு வந்தார். மனைவி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வாணலியில் ஏதோ சொய்யென்று பொரிந்தது. மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை ஆழமாக இழுத்தார். சுவரை முகர்ந்தாற்போல இருந்தது.

சொல்லிவிட வேண்டிய நேரம். வாயைத் திறந்தார். பத்தொன்பது நாள் பழக்கம் முந்திக்கொண்டது.

"அடேயப்பா! பூண்டு வாசனை ஆளைத் தூக்குதே!"

மனைவி திரும்பினாள். கையில் கரண்டி. வாணலியில் இரண்டு முட்டை.

அதே நேரம், பால்கனியில் உட்கார்ந்திருந்த மகள் ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். "அம்மா, பூண்டு உரிச்சிட்டேன். நகமெல்லாம் எரியுது. எங்க வைக்க?"

மூவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். முழுசு முழுசாக, வெள்ளை வெளேரென்று, ஒரு பல்கூட நறுக்காமல் இருந்தது.

மனைவி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன் என்று சத்தியம் செய்பவர்களின் முகத்தை எட்டு வருடமாகப் பார்த்து வருகிறாள். அவளிடம் போய் இந்த மனுஷன் மூக்குடைபட்டு நின்றார். அவள் கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"நான் கேக்கறது உங்களுக்குத் தெரியும்."

துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "காய்ச்சல்லேர்ந்து."

"அப்போ நான் பருப்புல உப்பே போடாம விட்ட அன்னைக்கு 'பிரமாதம்'னு மூணு தடவை சொன்னீங்களே, அது?"

"உப்பு இல்லைன்னு தெரிஞ்சுது. ருசியைப் பத்திப் பேச்செடுத்தா மாட்டிக்குவேனோன்னு..."

"நான் ஒருத்தி அதைப் பாசம்னு நெனச்சு ரெண்டு நாள் சந்தோஷமா சுத்தினேன்!" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஏதோ உறைத்ததுபோல முகம் மாறியது. "இருங்க. இந்த மூக்கை வெச்சுக்கிட்டா ஊர் வீட்டையெல்லாம் சரிபாத்துட்டு வர்றீங்க?"

ஐந்தாவது மாடி, நட்டு, வாயைத் திறந்து தூங்கிய குழந்தை, எல்லாவற்றையும் அங்கேயே நின்றபடி சொல்லி முடித்தார். மகள் கிண்ணத்தை மார்போடு பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். மனைவி மேசைமேல் இருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வேலை போயிடும்" என்றார்.

"போனா போகுது. என் சம்பளம் இருக்கு, கொஞ்ச நாள் தள்ளலாம். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா அதைத் தள்ள முடியாது. போடுங்க."

சூப்பர்வைசர் முதல் மணியிலேயே எடுத்தார். மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்.

"பத்தொன்பது நாளா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அறிவிருக்காய்யா உனக்கு?"

"இல்ல சார்."

அதற்கப்புறம் வந்தது முழு அர்ச்சனை. போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் வீடு முழுக்கக் கேட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் கேட்டாள். திட்டித் தீர்த்த களைப்பில் சூப்பர்வைசரே மூச்சு வாங்கினார்.

"எத்தனை வீடு?"

"நூத்திப் பதினொண்ணு சார். எல்லாத்தையும் தேதியோட நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். எந்தெந்த மூலைக்குக் கை எட்டலைன்னுகூட எழுதியிருக்கேன்."

"எதுக்கு எழுதின?"

"என்னைக்காவது சொல்ல வேண்டி வரும்னு தெரியும் சார்."

"போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு. ரெண்டு டீமைக் கருவியோட இறக்கறேன், நாளைக்குள்ள எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். அந்த முப்பத்தாறுக்கும் வேற ஆள் போவான். உனக்கு எச்சரிக்கைக் கடிதம் கண்டிப்பா வரும், தப்பிக்க முடியாது."

"சரி சார். அப்ப நான் சார்?"

"நீ காலையில ஆபீசுக்கு வா. அழுத்தமானி சரிபாக்கற பிரிவுல ஆள் இல்லாம நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்குக் கண்ணு போதும். கண்ணாவது தெரியுதா, இல்ல அதையும் மறைச்சு வெச்சிருக்கியா?"

"தெரியுது சார். நல்லாத் தெரியுது."

"வர்ற வழியில டாக்டரைப் பாரு. என் மச்சானுக்கும் இப்படித்தான் போச்சு, மூணு மாசத்துல வந்துது. வை போனை."

வைத்தார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது நாளாகத் தோளில் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்ததே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்தார். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. மனைவி அவர் தலையில் ஈரம் இருப்பதைப் பார்த்து, துண்டைப் பிடுங்கித் தானே துவட்டினாள், கொஞ்சம் கோபமாகத்தான்.

நோட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் போனில் போய்ச் சேர்ந்தன. அப்புறம் மூவரும் சமையலறைக்குத் திரும்பினார்கள். பூண்டில் பாதியைப் பொடியாகவும் மீதியை மெல்லிய சீவலாகவும் மனைவி நறுக்கினாள். ஃப்ரிட்ஜில் இறுகிக் கட்டியாகியிருந்த சோற்றை மூக்கர் விரலால் உதிர்த்தார். அடுப்படிக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் குனிந்தவர், பாதியில் நின்றார்.

மகள் அவரை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். குனிந்தாள். குட்டிக் குட்டியாக மூன்று மூச்சு. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"ம், பத்த வைங்க" என்றாள்.

பற்ற வைத்தார். எண்ணெய் காய்ந்ததும் சீவலைப் போட்டு, தீயைக் குறைத்து, நிறத்தையே பார்த்துக்கொண்டு கிளறினார். "இப்ப எடுக்கட்டுமா?" என்று கேட்க, மனைவி மூக்கை வாணலிப் பக்கம் நீட்டி, "இருங்க, இன்னும் பச்சை வாடை போகலை" என்றாள். பிறகு, "எடுங்க எடுங்க, இப்பவே!" என்றாள். பொன்னிறமாக வந்த சீவலைத் தனியே எடுத்து வைத்தார்கள். அதே எண்ணெயில் பொடிப் பூண்டு, பிறகு பெருந்தீயில் சோறு, உப்பு, மிளகுத்தூள். ஆறிப்போன முட்டையைப் பிய்த்துப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவி இறக்கினார்கள்.

மூன்று தட்டு. மொறுமொறுவென்றிருந்த பூண்டுச் சீவல் பல்லில் நொறுங்கும் சத்தம் மூக்கருக்கு நன்றாகக் கேட்டது. மிளகு நாக்கில் சுர்ரென்றது. முட்டை மெத்தென்றிருந்தது. இவ்வளவு நாளும் தட்டில் இருந்ததைக் கவனிக்காமல் முகங்களையே கவனித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

மனைவி தன் தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உண்மையைச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

'பிரமாதம்' நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார்.

"உப்பு கம்மி."

அவள் முகம் மலர்ந்தது. எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"பத்தொன்பது நாள் கழிச்சு இப்பதான் என் சமையலை ஒருத்தர் சாப்பிடறார்" என்றாள். "போட்டுக்கிட்டு மூக்கு முட்டச் சாப்பிடுங்க."