இடது கைக்குள் சென்சார்

ஏசி பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று அந்த வீட்டம்மா கூப்பிட்டிருந்தார். மெக்கானிக் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றி, மீட்டரில் மாட்டி, இடது கைக்குள் பொத்திப் பிடித்தார். கைச்சூடு பட்டால் மின்தடை குறைந்து எண் மளமளவென்று இறங்க வேண்டும். அசையவே இல்லை.

"சென்சார் செத்துப் போச்சும்மா."

பையிலிருந்த புதியதை மாட்டிப் பொத்தினார். அதுவும் அசையவில்லை. விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"இப்படிக் குடுங்கண்ணே," என்று வீட்டம்மா இரண்டையும் ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தார். இரண்டிலுமே எண் சரசரவென்று சரிந்தது.

மெக்கானிக், ஏணி தூக்கியதில் மரத்துவிட்டதாகக் காலையிலிருந்து நினைத்திருந்த இடது கையை, வலது கையால் தொட்டார். ஏசி ஓடாமல் புழுங்கிய அந்த அறையில் அது மட்டும் ஜில்லென்று இருந்தது.